ரத்தக்குழாயின் சுவருக்குள் சுண்ணாம்பு எப்படி வருகிறது?

ஸ்கேன் அறிக்கையில் ‘தமனிச் சுவரில் கால்சியம் படிவு’ என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பிவிடும். பாலை நிறுத்து என்பார் ஒருவர். எலும்புக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த கால்சியம் மாத்திரையைத் தூக்கிப் போடு என்பார் இன்னொருவர். புளிப்பாக எதையாவது குடித்துவந்தால் கரைந்துபோகும் என்று அடித்துச் சொல்வார் மூன்றாமவர். யோசனைகள்தான் வேறு, மூவர் மனத்திலும் இருக்கும் படம் ஒன்றே. உப்புத் தண்ணீர் ஓடும் குழாயின் உள்ளே வெள்ளையாகக் காரை கட்டுகிறதே, அந்தப் படம். தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அது படிகிறது, படியப் படியத் துவாரம் சிறுக்கிறது. ஆகவே சுண்ணாம்பைக் குறை, இல்லையென்றால் அமிலம் விட்டுக் கரை.

படம் தெளிவாக இருக்கிறது, அதனால்தான் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. ஆனால் ரத்தக்குழாயில் நடப்பது வேறு. அந்த உவமை எங்கெங்கே பிசகுகிறது என்று பார்த்துக்கொண்டே போனால், உண்மையில் நடப்பதில் பாதி விளங்கிவிடும்.

குழாய் உவமை எங்கே பிசகுகிறது

முதல் பிசகு இடத்தில். தண்ணீர்க் குழாயில் காரை கட்டுவது உள்முகத்தில், தண்ணீர் தொடும் பரப்பில். தமனியில் (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்களைத் தமனி என்கிறோம்) கால்சியம் இருப்பது சுவருக்கு உள்ளே. தமனிச் சுவருக்கு மூன்று அடுக்குகள் உண்டு. ரத்தத்தை ஒட்டியிருப்பது உள்ளடுக்கு. அதன் முகப்பில் ஒற்றை வரிசைச் செல்களால் ஆன மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அடுத்தது, தசைச் செல்களும் இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் நார்களும் நிறைந்த நடு அடுக்கு. அதற்கும் வெளியே, குழாயைச் சுற்றியுள்ள திசுவோடு பிணைக்கும் வெளியடுக்கு. கால்சியம் சேர்வது பெரும்பாலும் உள்ளடுக்கின் ஆழத்தில், அல்லது நடு அடுக்கில். அதற்கும் ஓடும் ரத்தத்துக்கும் நடுவே பொதுவாக உயிருள்ள திசு இருக்கிறது. குடித்தது ரத்தத்தோடு போய் அதைத் தொட்டுக் கரைக்கும் என்ற நம்பிக்கை இந்த இடத்திலேயே அடிபட்டுப்போகிறது.

இரண்டாவது பிசகு அளவில். தண்ணீரில் சுண்ணாம்பு கூடினால் குழாயில் காரை கூடும். ரத்தத்தில் அப்படிக் கூடவே உடல் விடுவதில்லை. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தின் திரவப் பகுதியில் மிதப்பது மிகச் சொற்பம்: 100 மில்லிக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை. மொத்தமாகக் கூட்டினால் ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஒரு பெரிய தம்ளர் பாலில் இருக்கும் கால்சியமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆக, பால் குடித்த ஒவ்வொரு முறையும் ரத்தத்தின் கால்சியம் இரண்டு மடங்காக வேண்டும். ஆவதில்லை. குடல் வேண்டிய அளவே உறிஞ்சுகிறது. மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. எலும்பு வாங்கிக்கொள்கிறது, தேவைப்பட்டால் திருப்பித் தருகிறது. கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் ரத்தத்தின் கால்சியம் சற்றே இறங்கினாலும் உணர்ந்து ஹார்மோனைச் சுரந்து மேலே இழுக்கின்றன. இவ்வளவு கண்டிப்பாக உடல் காக்கும் அளவுகள் சிலவே. தமனியில் கால்சியம் ஏறியவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தால் கால்சியம் பெரும்பாலும் வழக்கமான அளவிலேயே இருக்கும்.

மூன்றாவது பிசகுதான் முக்கியமானது. தண்ணீர்க் குழாய் எதுவும் செய்வதில்லை. காரை அதன் மேல் வந்து உட்காருகிறது. தமனியின் சுவர் உயிருள்ளது. அந்தச் சுவரின் செல்கள் இந்த வேலையில் பங்கெடுக்கின்றன. சுருங்கச் சொன்னால், தமனியில் சேரும் கால்சியம் ரத்தத்தின் வண்டல் இல்லை. எலும்பு எப்படி உருவாகிறதோ அதே முறையில், உருவாகக் கூடாத இடத்தில் உருவாகும் ஒன்று.

ரத்தம் ஏன் தானாகக் கல்லாகிவிடுவதில்லை

இந்தக் கேள்வியைத் தலைகீழாகவும் கேட்க வேண்டும். கால்சியம் ஏன் சேர்கிறது என்று கேட்கிறோம். உண்மையில் வியப்பு, எல்லா இடத்திலும் ஏன் சேராமல் இருக்கிறது என்பதுதான்.

எலும்பின் கடினத்துக்குக் காரணம் ஹைட்ராக்சிஅபடைட் என்ற தாதுப்பொருள். கால்சியமும் பாஸ்பேட்டும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் ஒழுங்காக அடுக்கிக்கொண்டால் கிடைக்கும் படிகம் அது. பாஸ்பேட் என்பது பாஸ்பரசும் ஆக்சிஜனும் சேர்ந்தது. உணவிலிருந்து வருகிறது, மிஞ்சியது சிறுநீரில் போகிறது. உடல் திரவங்களில் இவை இரண்டும் இருக்கும் அளவைக் கணக்கிட்டால், ஹைட்ராக்சிஅபடைட் படிகம் வளரத் தேவையானதைவிட அதிகமாகவே இருக்கிறது. இருந்துதான் ஆக வேண்டும், இல்லையென்றால் எலும்பு எப்படிக் கடினமாகும்? ஆனால் இதே திரவம்தான் தோலையும் தசையையும் தமனியையும் நனைத்துக்கொண்டிருக்கிறது. எலும்பில் மட்டும் படிகம் வளர வேண்டும், மற்ற இடங்களில் வளரக் கூடாது என்றால் அந்த மற்ற இடங்களில் எல்லாம் ஓயாமல் ஏதோ ஒன்று தடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படித் தடுக்கும் பொருள்களைத் தடுப்பான்கள் என்று சொல்வோம். பல இருக்கின்றன. மூன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று பைரோபாஸ்பேட். இரண்டு பாஸ்பேட்டுகள் ஒட்டிப் பிறந்த சிறு மூலக்கூறு. முளைவிடும் படிகத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டு மேற்கொண்டு வளரவிடாமல் செய்துவிடும். இதைச் செல்களே உண்டாக்குகின்றன. 1960களில் ஹெர்பர்ட் ஃபிளீஷ் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் இதன் வேலையைக் கண்டறிந்தார்கள். எலும்புத் தேய்வுக்கு இன்று தரப்படும் ஒரு வகை மருந்துகளே அந்த ஆய்வின் வழியில் வந்தவைதான்.

இரண்டாவது ஃபெட்யூன்-ஏ. கல்லீரல் சுரந்து ரத்தத்தில் விடும் புரதம். கால்சியமும் பாஸ்பேட்டும் சிறு துணுக்காகச் சேர ஆரம்பித்தால் அந்தத் துணுக்கைச் சுற்றிக்கொண்டு, பெரிதாகவிடாமல் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும்.

மூன்றாவது மேட்ரிக்ஸ் கிளா புரதம். இது தமனியின் தசைச் செல்களே தங்கள் சுற்றுப்புறத்துக்காகச் செய்துகொள்வது. வேலை செய்ய இதற்கு வைட்டமின் கே வேண்டும். இந்தப் புரதம் எவ்வளவு முக்கியமானது என்பது 1997இல் தெரியவந்தது. இதற்கான மரபணுவை நீக்கிப் பிறப்பித்த எலிகளின் தமனிகள் சில வாரங்களிலேயே சுண்ணாம்பேறிக் கெட்டிப்பட்டன. இரண்டு மாதத்துக்குள் ரத்தக்குழாய் வெடித்து அவை செத்தன. தீனியில் கூடுதல் கால்சியம் எதுவும் அவற்றுக்குத் தரப்படவில்லை.

மனிதர்களிலும் இதற்கு ஒரு சான்று இருக்கிறது, அது சற்றுக் கொடுமையானது. பைரோபாஸ்பேட்டை உண்டாக்கும் மரபணு பழுதாகப் பிறக்கும் குழந்தைகள் மிக அரிதாக உண்டு. பிறந்த சில மாதங்களுக்குள், சிலருக்குக் கருவிலேயே, பெரிய தமனிகளில் கால்சியம் ஏறிவிடுகிறது. ரத்தத்தின் கால்சியம் அளவு இவர்களுக்குச் சரியாகவே இருக்கும். இல்லாதது தடுப்பான் மட்டும்தான். ‘ரத்தத்தில் கால்சியம் மிகுந்துபோனதால் படிகிறது’ என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். மூலப்பொருள் எப்போதும் எல்லா இடத்திலும் இருக்கிறது. தடுப்பும் எப்போதும் இருக்கிறது. ஆகவே ஒரு தமனியில் கால்சியம் ஏறியிருக்கிறது என்றால், அந்த இடத்தில் தடுப்பு எப்படித் தளர்ந்தது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

தசைச் செல் எலும்புச் செல்லின் வேலைக்குப் போகிறது

நடு அடுக்கில் இருக்கும் தசைச் செல்களின் வேலை எளியது: சுருங்குவது, தளர்வது. அதற்கேற்ப குழாயின் விட்டம் மாறுகிறது. கை கால் தசைகள் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும், இவை கட்டுப்படாது. இவற்றை மென்தசைச் செல்கள் என்பார்கள்.

இந்தச் செல்களிடம் ஒரு விசித்திரம் உண்டு. இதயத் தசைச் செல் கடைசிவரை இதயத் தசைச் செல்லாகவே இருந்து சாகும். மென்தசைச் செல் அப்படி இல்லை. சூழல் கெட்டால் தன் தொழிலை விட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போகக்கூடியது. காயம் பட்டால் சுருங்கும் வேலையை நிறுத்திவிட்டுப் பெருகி, நார்களைச் சுரந்து, பழுதுபார்க்கும். இது நல்ல குணம்தான். ஆனால் அதே வளைந்துகொடுக்கும் குணம் வேறொரு வழியிலும் போய்விடுகிறது.

சுற்றியுள்ள திரவத்தில் பாஸ்பேட் கூடினால், சர்க்கரை நீண்ட காலம் மிகுந்திருந்தால், ஆக்சிஜனால் கெட்டுப்போன கொழுப்பு அருகில் சேர்ந்தால், அழற்சி தொடர்ந்தால், அல்லது சும்மா வயதானாலேயே, சில மென்தசைச் செல்களில் ரன்எக்ஸ்2 என்ற புரதம் தலைதூக்குகிறது. கருவில் எலும்பு உருவாகும்போது, ‘நீ எலும்பு கட்டும் செல்’ என்று செல்களுக்குக் கட்டளையிடும் புரதம் இது. தமனியில் இதற்கு வேலையே இல்லை. இருந்தும் இது வந்தவுடன் மென்தசைச் செல் சுருங்குவதற்கான புரதங்களைக் குறைத்துக்கொண்டு, எலும்பு கட்டும் செல் என்னென்ன செய்யுமோ அவற்றில் பலவற்றைச் செய்யத் தொடங்குகிறது.

அவற்றில் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் இந்த மொத்தக் கதையும் அந்த ஒரு வெட்டில் அடங்கிவிடுகிறது. மாறிய செல் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியைத் தன் மேற்பரப்பில் ஏந்துகிறது. நொதி என்பது ஒரு வேதிவினையை விரைவாக்கும் புரதம். இந்த நொதியின் வினை, பைரோபாஸ்பேட்டை இரண்டாக வெட்டுவது. வெட்டினால் என்ன கிடைக்கும்? இரண்டு பாஸ்பேட். அதாவது படிகத்தைத் தடுத்துக்கொண்டிருந்த பொருள் ஒரே வெட்டில் படிகத்துக்கான மூலப்பொருளாகிவிடுகிறது. தடுப்பும் போயிற்று, சரக்கும் வந்துசேர்ந்தது. எலும்பில் இது அவசியமான ஏற்பாடு. அதனால்தான் எலும்பு வளர்கிறது. தமனியில் இது கேடு.

அடுத்து, செல்கள் தங்கள் உறையிலிருந்து நுண்ணிய பைகளைக் கிள்ளி வெளியே விடுகின்றன. சாதாரண நுண்ணோக்கிக்குத் தெரியாத அளவு சிறியவை. மின்னணு நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். நல்ல நிலையில் இருக்கும் செல் இந்தப் பைகளில் தடுப்பான்களையும் வைத்து அனுப்புகிறது. நிலைமாறிய செல் அனுப்பும் பைகளில் தடுப்பான் இல்லை, கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. முதல் படிகம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. பிறகு பக்கத்தில் கிடக்கும் நார்களின் மேல் ஏறி வளர்கிறது. செத்துப்போன செல்களின் எச்சங்களும் இதேபோல் படிகம் தொடங்கத் தோதான இடங்கள். அவற்றை உடனுக்குடன் அப்புறப்படுத்தாவிட்டால் அங்கேயும் சுண்ணாம்பு ஏறும்.

ஒப்புமைக்காக எலும்பு, எலும்பு என்று சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். முற்றிய நிலையில் சில தமனிகளில் உண்மையான எலும்புத் திசுவே, உள்ளே மஜ்ஜையோடு, இருப்பதை நோய்க்குறியியல் வல்லுநர்கள் கண்டிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே ருடால்ஃப் விர்ஷோ இதைக் கவனித்து, இது வெறும் சுண்ணாம்புப் படிவு இல்லை, எலும்பாதல் என்று எழுதினார். அது நெடுநாள் ஒரு வினோதத் தகவலாகவே கிடந்தது. 1993இல் எலும்பை வளரத் தூண்டும் ஒரு புரதம் மனிதத் தமனிக் கொழுப்புத் திட்டுகளில் இருப்பதாகக் கண்டறிந்த பிறகுதான் ஆய்வுகள் இந்தப் பக்கம் திரும்பின.

ஆக வரிசை இது: சுவரில் ஏதோ ஒரு நீண்ட காலத் தொல்லை, அதனால் மென்தசைச் செல் தொழில் மாறுகிறது அல்லது சாகிறது, அந்த இடத்தில் தடுப்பு சரிகிறது, எப்போதும் இருந்த கால்சியமும் பாஸ்பேட்டும் அங்கே படிகமாகின்றன. கால்சியம் இந்த வரிசையில் கடைசியில் வருகிறது.

ஒரே பெயர், இரண்டு நோய்கள்

பேச்சில் எல்லாவற்றையும் ‘கால்சியம் படிவு’ என்று ஒன்றாக்கிவிடுகிறோம். உள்ளடுக்கில் ஏறுவதும் நடு அடுக்கில் ஏறுவதும் வேறு வேறு விளைவுகளைத் தருபவை.

உள்ளடுக்கில் தொல்லையைத் தொடங்குவது கொழுப்பு. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து திரியும் எல்.டி.எல் துகள்கள் உள்ளடுக்குக்குள் நுழைந்து சிக்கிக்கொள்கின்றன. அங்கேயே கெட்டுப்போகின்றன. அவற்றை விழுங்கித் துப்புரவு செய்ய வெள்ளணுக்கள் வருகின்றன; விழுங்கி விழுங்கி உப்பி, அங்கேயே சாகின்றன. இப்படி உருவாகும் கொழுப்பும் செத்த செல்லும் நாரும் கலந்த மேட்டைத்தான் கொழுப்புத் திட்டு என்கிறோம். இதய ரத்தக்குழாய்களில் கால்சியம் தெரிந்தால் அது பெரும்பாலும் இந்தத் திட்டுக்குள் இருப்பது. துவாரம் குறுகுவதும், திட்டு கிழிந்து அதன் மேல் ரத்தம் உறைந்து மாரடைப்பு வருவதும் இந்த வகையில்தான்.

நடு அடுக்கில் ஏறுவதற்குக் கொழுப்பு தேவையில்லை. ஜெர்மானிய மருத்துவர் யோஹான் மோன்கபெர்க் 1903இல் இதை விவரித்தார். முதுமை, சர்க்கரை நோய், சிறுநீரகச் செயலிழப்பு ஆகிய மூன்றும்தான் இதற்கு முக்கியக் காரணங்கள். சிறுநீரகம் பழுதானால் பாஸ்பேட் வெளியேறாமல் தேங்குகிறது. தேங்கிய பாஸ்பேட் மென்தசைச் செல்லை மேலே சொன்ன வழியில் தள்ளுகிறது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் இளம் வயதினரின் தமனிகள்கூட முதியவர்களின் தமனிகளைப் போல ஆகிவிடுவது இதனால்தான். சர்க்கரை நோயாளியின் பாதத்தை எக்ஸ்ரே எடுத்தால், ரத்தக்குழாயின் இரு சுவர்களும் இரண்டு இணைகோடுகளாக வெள்ளையாய்த் தெரிவதுண்டு. சாதாரணமாக எக்ஸ்ரேயில் தமனி தெரியவே தெரியாது.

நடு அடுக்கில் ஏறினால் துவாரம் அடைபடுவதில்லை. பின் என்ன கெடுதல்? குழாய் விறைத்துப்போகிறது. இதயம் ஒவ்வொரு முறை ரத்தத்தைத் தள்ளும்போதும் பெரிய தமனிகள் சற்று விரிந்து அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு, இதயம் ஓய்வெடுக்கும் கணத்தில் சுருங்கி ரத்தத்தை முன்னே தள்ள வேண்டும். விறைத்த குழாய் விரியாது. மேல் ரத்த அழுத்தம் ஏறுகிறது, கீழ் அழுத்தம் இறங்குகிறது, இரண்டுக்கும் இடைவெளி அகல்கிறது. அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் சுவர் தடிக்கிறது.

இந்த விறைப்பைக் காட்டிக்கொடுக்கும் ஒரு பரிசோதனை உண்டு. கையிலும் கணுக்காலிலும் பட்டையைக் கட்டிக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்த்து, கணுக்காலில் வரும் எண்ணைக் கையில் வரும் எண்ணால் வகுப்பார்கள். பொதுவாக 1 முதல் 1.4 வரை இருக்கும். கால் தமனி அடைத்திருந்தால் 0.9க்குக் கீழே இறங்கும். சிலருக்கு 1.4ஐத் தாண்டிவிடும். பார்ப்பதற்குக் காலில் ரத்தம் பிரமாதமாகப் பாய்வதுபோல் இருக்கும். உண்மையில், எவ்வளவு காற்றடித்தாலும் அந்தப் பட்டையால் தமனியை நசுக்க முடியவில்லை என்பதே அதன் பொருள். சுவரில் அவ்வளவு கால்சியம். எண் நன்றாக இருக்கிறதே என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாத இடம் இது.

பெரிய கட்டியா, சிறு துகளா: எது ஆபத்து?

அடைப்பு என்று பயந்து பார்ப்பவர்களுக்குப் பெரிய கால்சியக் கட்டிதான் பெரிய ஆபத்தாகத் தோன்றும். இங்கே விஷயம் கொஞ்சம் சுற்றிப்போகிறது.

ஒரு கொழுப்புத் திட்டின் ஆபத்து, அது எவ்வளவு எளிதில் கிழியும் என்பதில் இருக்கிறது. மேலே மெல்லிய நார்ப்படலம், உள்ளே குழைவான கொழுப்பு, சுற்றிலும் அழற்சி என்று இருந்தால் கிழியும். அந்த மெல்லிய படலத்துக்குள் நுண்ணிய கால்சியத் துகள்கள், ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு அளவே உள்ளவை, இருந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் அவற்றைச் சுற்றி இழுவிசை குவிகிறது. கிழிவதற்கு அது உதவுகிறது. இவ்வளவு சிறிய துகள்கள் வழக்கமான சிடி ஸ்கேனில் தெரிவதில்லை.

பெரிய, கெட்டியான கால்சியத் தகடு பெரும்பாலும் பழைய திட்டின் அடையாளம். அழற்சி ஆறி, இறுகிவிட்ட திட்டு. அது கிழிவது குறைவு. ஆறிய தழும்பு என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு தழும்பு இருக்கும் உடலில் ஆறாத புண்கள் வேறெங்கோ இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், மொத்தக் கால்சியம் கூடக் கூட மாரடைப்பு அபாயமும் கூடத்தான் செய்கிறது. இரண்டும் உண்மை. கால்சியம் நோயின் அளவைக் காட்டுகிறது. அந்தக் கட்டியே அடுத்த மாரடைப்புக்குக் காரணமாகும் என்று காட்டவில்லை.

இது புரிந்தால் ஸ்டாட்டின் மாத்திரைகளைப் பற்றிய குழப்பம் தீரும். ஸ்டாட்டின் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்து, மாரடைப்பையும் குறைக்கிறது. அதைச் சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டவர்களுக்குத் தமனியின் கால்சியம் குறையாதது மட்டுமல்ல, சில சமயம் கூடவும் செய்கிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. திட்டிலிருந்த கொழுப்பு வற்றி, அது இறுகிக் கெட்டிப்படுவதைத்தான் ஸ்கேன் காட்டுகிறது.

ஸ்கோர் எதைச் சொல்கிறது

கால்சியம் ஸ்கோர் என்பது இதய ரத்தக்குழாய்களின் கால்சியத்தை அளக்கும் எண். ஊசி மருந்து எதுவும் இல்லாமல், சில நிமிடங்களில் எடுக்கும் சிடி ஸ்கேனிலிருந்து கணக்கிடுகிறார்கள். முறையை 1990இல் ஆர்தர் அகாட்ஸ்டனும் உடனிருந்தவர்களும் வெளியிட்டார்கள். ஸ்கேனில் ஒரு குறிப்பிட்ட அடர்த்திக்கு மேல் வெள்ளையாகத் தெரியும் ஒவ்வொரு புள்ளியின் பரப்பையும் எடுத்து, அதன் அடர்த்திக்கேற்ப 1 முதல் 4 வரை ஓர் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுவார்கள். 0 என்றால் தெரியும்படி கால்சியம் இல்லை. 100ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டிய அளவு, 400ஐத் தாண்டினால் மிக அதிகம் என்று பொதுவாக வகுத்திருக்கிறார்கள்.

400 என்பது சதவீதம் இல்லை. எத்தனை பங்கு அடைப்பு என்பதையும் அது சொல்லாது. 0 என்பதும் முழு விடுதலை இல்லை: இன்னும் சுண்ணாம்பேறாத இளம் திட்டுகள் இந்த ஸ்கேனுக்குத் தெரியாது. ஆனாலும் மற்ற அறிகுறிகள் இல்லாத ஒருவருக்கு 0 வந்தால் அடுத்த சில ஆண்டுகளுக்கான அபாயம் மிகக் குறைவு என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டிருக்கிறது. ஸ்டாட்டின் தொடங்கலாமா என்று தயங்கும் நிலையில் இந்த எண் உதவும். நெஞ்சுவலியோடு வருபவருக்கோ, ஏற்கெனவே ஸ்டென்ட் (குழாயைத் திறந்தபடி தாங்கும் சிறு வலைக்குழல்) வைத்தவருக்கோ இதனால் பெரிய பயன் இல்லை.

இடையில் ஒன்று. இதை நவீன வாழ்க்கையின் நோய் என்று சொல்லிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் எகிப்து, பெரு உள்ளிட்ட நான்கு நிலப்பகுதிகளின் 137 பழங்கால உடல்களை சிடி ஸ்கேன் செய்தார்கள். 47 உடல்களில், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல், தமனித் திட்டுகளின் தடயம் இருந்தது. ஆல்ப்ஸ் பனியில் 1991இல் கிடைத்த, சுமார் 5300 ஆண்டுப் பழமையான மனிதனின் தமனிகளிலும் கால்சியம் இருக்கிறது. இத்தனை ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் நமக்கு இது தெரிவதற்குக் காரணமே, மற்றதெல்லாம் மட்கிய பிறகும் கால்சியம் மிஞ்சி நிற்பதுதான். புகை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை ஆகியவை இதை வேகப்படுத்துகின்றன. ஆனால் மனிதத் தமனிக்கு இந்தப் போக்கு மிகப் பழையது.

அப்படியானால் பாலை நிறுத்த வேண்டுமா?

வேண்டியதில்லை. உணவில் வரும் கால்சியம் தமனியில் ஏறுவதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் பல இனத்தவரைப் பல்லாண்டு பின்தொடர்ந்த மீசா ஆய்வின் தரவுகளை 2016இல் அலசியபோது, மொத்தத்தில் அதிகக் கால்சியம் உட்கொண்டவர்களுக்குத் தமனியில் புதிதாகக் கால்சியம் ஏறுவது குறைவாகவே இருந்தது. மாத்திரையாக எடுத்துக்கொண்டவர்களிடம் மட்டும் அது கூடுதலாகத் தெரிந்தது. மாத்திரை பற்றிய ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. உணவிலேயே போதுமான அளவு கிடைப்பவர், மருத்துவர் சொல்லாமல் மாத்திரை போட்டுக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. மருத்துவர் காரணத்தோடு எழுதித் தந்ததை, ஸ்கேன் அறிக்கையின் ஒரு வரியைப் பார்த்துத் தானாக நிறுத்துவதும் தவறு. எலும்பு பலவீனமானவர்களுக்கே தமனியில் கால்சியம் ஏறுவதும் அதிகம்; கால்சியத்தைக் குறைத்தால் முதலில் அடிபடுவது எலும்பு.

சிறுநீரக நோயாளிகள் விஷயம் தனி. பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்த அவர்களுக்குத் தரும் மருந்துகளில் கால்சியம் கலந்தவை உண்டு, கலக்காதவை உண்டு. கலந்தவற்றை மட்டுப்படுத்துவதே நல்லது என்பது இன்றைய வழிகாட்டுதல்களின் போக்கு. வைட்டமின் டியை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டால் ரத்தத்தின் கால்சியம், பாஸ்பேட் இரண்டும் ஏறும்; நான் மேலே சொன்ன கண்டிப்பான எல்லை உடையும் சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

வைட்டமின் கே? தடுப்பான் புரதத்துக்கு அது தேவை என்று பார்த்தோம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை வைட்டமின் கேயின் வேலையைத் தடுக்கிறது. அதனால் தமனியில் கால்சியம் கூடுவதும் கவனிக்கப்பட்டிருக்கிறது. அதற்காக வார்ஃபரினை நிறுத்தினால் ரத்தக்கட்டி உயிரையே வாங்கிவிடும். சரி, வைட்டமின் கே2வை மாத்திரையாகக் கொடுத்தால்? காகிதத்தில் அழகான யோசனை. டென்மார்க்கில் 365 முதியவர்களுக்கு வைட்டமின் டியுடன் சேர்த்து இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். இதய வால்வில் கால்சியம் ஏறும் வேகம் குறையவில்லை என்று 2022இல் முடிவு வந்தது. கே2 மாத்திரை விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கால்சியத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்தை ஊசி வழியாக ஏற்றும் ‘கீலேஷன்’ சிகிச்சைக்கும் இதே கதை. 2013இல் ஓர் ஆய்வு சிறு பலனைக் காட்டியது. அதை உறுதிசெய்ய, மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகள் ஆயிரம் பேரிடம் நடத்திய இரண்டாவது ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. மாரடைப்போ மரணமோ குறையவில்லை. படிகம் இருப்பது சுவரின் உள்ளே, ரத்தத்தில் இருக்கும் கால்சியமோ எலும்பிலிருந்து உடனே நிரம்பக்கூடியது. பலித்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஆக, ஏறிய கால்சியத்தை மாத்திரையால் இறக்கும் வழி இன்று இல்லை. செய்ய முடிந்தது, சுவரைத் தொல்லைப்படுத்தும் காரணங்களைக் குறைப்பது: ரத்த அழுத்தம், எல்.டி.எல், சர்க்கரை, புகை, சிறுநீரகத்தின் நிலை. பழைய பட்டியல்தான், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

உண்மையிலேயே கால்சியம் குறுக்கே நிற்பது ஆஞ்சியோபிளாஸ்டியின்போதுதான். பலூனை விரித்துக் குழாயை அகலமாக்கி ஸ்டென்ட் வைக்க வேண்டும். சுவர் கல்லாக இருந்தால் பலூன் எவ்வளவு ஊதினாலும் விரியாது. ஸ்டென்ட் சரியாக விரியாமல் நின்றுவிட்டால் பின்னால் அது அடைத்துக்கொள்ளும். உள்முகத்தை ஒட்டிய கால்சியத்தை, வைரத்துகள் பதித்த நுண்ணிய முனையைச் சுழலவிட்டு அராவும் முறை வெகுநாளாக இருக்கிறது. ஆழத்தில் இருப்பதற்கு அது எட்டாது. சிறுநீரகக் கல்லை உடைக்கும் அதிர்வலை நுட்பத்தையே சிறிதாக்கி, பலூனுக்குள் வைத்து, தமனிக்குள்ளிருந்து அலைகளை அனுப்புவது அண்மைக் கால முறை. அலை மென்மையான திசுவைக் கடந்துபோய்க் கால்சியத்தில் விரிசல் விடச் செய்கிறது. உடைந்ததை யாரும் வெளியே எடுப்பதில்லை, எடுக்கவும் முடியாது. துண்டுகள் சுவருக்குள்ளேயே கிடக்கின்றன. விரிசல் விட்டதால் சுவர் இளகி, பலூன் விரிகிறது.